மகனிடம் கேட்ட கேள்வி

அந்த பூட்ஸ் சோடியை நான் கண்டியில்தான் வாங்கினேன். கடைக்காரர் ஒன்றை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, அடியில் தோல் வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆணி அடித்திருந்த குமிழ்களை விரலால் தட்டிக் காட்டினார். முன்பக்கம் மரக்கட்டைபோல் இறுகியிருந்தது. "என்ன சைஸுங்க வேணும்?" என்று அவர் கேட்டபோது நான் விழித்துக்கொண்டு நின்றேன். எல்கடுவையில் நான் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்களின் கால்களை எனக்குத் தெரியும். யாருக்கு அட்டை கடித்த இடம் ஆறாமல் கிடக்கிறது, யாருக்கு நகச்சுத்தி, யார் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியால் கணுக்காலில் வெட்டிக்கொண்டவர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் சொந்த மகனின் கால் அளவு எனக்குத் தெரியவில்லை. பதினாறு வயது, என்னைவிட உயரம் என்று மட்டும் சொன்னேன். கடைக்காரர் சிரித்துவிட்டுக் கொஞ்சம் பெரிதாகவே எடுத்துக் கொடுத்தார். முன்னால் பஞ்சு வைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார். பஞ்சுக்கு என்னிடம் குறைவில்லை.

நான் தோட்டத்து டிஸ்பென்சர். மருந்து கலக்கிக் கொடுப்பது, காயம் கட்டுவது, காய்ச்சல் பார்ப்பது, பெரிய வருத்தமென்றால் லொறியில் ஏற்றி மாத்தளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என் வேலை. லயங்களில் குடியிருந்த தொழிலாளர்கள் என்னை டாக்டரையா என்றுதான் கூப்பிடுவார்கள். நாடு சுதந்திரமடைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. மகனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் மனைவி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். எத்தனையோ பேருக்கு மருந்து கொடுத்த கைக்கு அவளைக் காப்பாற்றத் தெரியவில்லை. அதன் பிறகு நானும் அவனும் மட்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது என்பதால் மாத்தளை டவுனில் கல்லூரி என்று அழைக்கப்பட்ட ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் விடுதியில் அவனைச் சேர்த்தேன். அன்றைக்கு அவனை விட்டுவிட்டுத் திரும்பி வந்து குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்தபோது, உள்ளே சுவர்க்கடிகாரத்தின் சத்தம் அத்தனை பெரிதாக இருந்தது. அதற்கு முன் அது ஓடும் சத்தமே என் காதில் விழுந்ததில்லை.

அவன் அதிகம் பேசாதவன். விடுதியிலிருந்து வரும் கடிதங்களும் அப்படித்தான். நலம், நலமறிய ஆவல், சவர்க்காரம் முடிந்துவிட்டது. இப்படியே நான்கு வருடங்கள். பிறகு ஒருநாள் நாலே வரியில் ஒரு கடிதம் வந்தது. 'அப்பா, என்னைக் கல்லூரி உதைபந்தாட்ட டீமில் எடுத்திருக்கிறார்கள். பின்னால் நின்று தடுக்கும் இடம். எல்லாப் பையன்களிடமும் பூட்ஸ் இருக்கிறது. முடிந்தால் ஒரு சோடி.' அவன் அம்மா போன பிறகு அவன் என்னிடம் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான். அடுத்த பஸ்ஸிலேயே கண்டிக்குப் போய்விட்டேன்.

அந்த வருடம் சனிக்கிழமைகளுக்காகவே நான் உயிர் வாழ்ந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. காலையில் நோயாளிகளைப் பார்த்து முடித்து, கோட்டைப் போட்டுக்கொண்டு, குடையோடு டவுன் பஸ் ஏறுவேன். மைதானத்தின் ஓரத்தில் சுண்ணாம்புக் கோட்டுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொள்வேன். மற்றப் பையன்களின் தகப்பன்மார் டவுன்காரர்கள். கடை முதலாளிகள், ஆசிரியர்கள், அரசாங்கக் கச்சேரியில் குமாஸ்தா வேலை செய்கிறவர்கள். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, சுருட்டைப் பகிர்ந்து, தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கத்துவார்கள். மலையிலிருந்து இறங்கி வந்த என்னை அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. விளையாட்டின் சட்டதிட்டங்களும் எனக்குப் புரியவில்லை. நடுவர் ஊதும்போதெல்லாம் ஏன் ஊதினார் என்று யாரையாவது கேட்க நினைப்பேன், கேட்டதில்லை. நான் பந்தைப் பார்த்ததே குறைவு. பந்து அந்தப் பக்கம் போயிருக்கும்போது இந்தப் பக்கம் தனியாக நிற்கும் என் மகனையே பார்த்துக்கொண்டிருப்பேன். பந்து அவனை நோக்கி வரும்போது இரண்டு உள்ளங்கைகளையும் காற்சட்டையில் துடைத்துக்கொள்வான். அவன் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரும்போது சேலையில் கை துடைப்பதுபோலவே இருக்கும். அதைச் சொல்லவும் அங்கே யாரும் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் வாசலருகில் பத்து நிமிடம் எங்களுக்குக் கிடைக்கும். "சாப்பிட்டியா?" என்பேன். "ம்" என்பான். "இருமல் விட்டுருச்சா?" "விட்டுருச்சுப்பா." "பூட்ஸ் கடிக்குதா?" "இல்லப்பா, பஞ்சு வச்சிருக்கேன்." பிறகு கூட்டாளிகள் கூப்பிடுவார்கள், அவன் போய்விடுவான், நான் பஸ் ஏறுவேன். அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமைவரை ஓட்டுவேன்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்குக் கலேவெலப் பக்கத்து முஸ்லிம் பள்ளிக்கூடம் ஒன்று வந்திருந்தது. வெல்கிறவர்களுக்குக் கிண்ணம் என்பதால் ஊரே திரண்டிருந்தது. வந்த பையன்கள் யாருக்கும் பூட்ஸ் இல்லை. வெறுங்காலில், சிலர் கணுக்காலில் துணிப்பட்டி சுற்றிக்கொண்டு விளையாடினார்கள். அவர்களில் ஓரமாக ஓடும் ஒரு பையன் மெலிந்தவன், என் மகனின் தோளுக்குத்தான் வருவான். பந்து அவன் காலில் கட்டிப்போட்டதுபோல் கூடவே ஓடியது. முதல் தடவை என் மகனை இடப்பக்கம் போவதுபோல் ஏமாற்றி வலப்பக்கம் கடந்தான். இரண்டாவது தடவை பந்தை என் மகனின் கால்களுக்கு இடையிலேயே தள்ளிவிட்டு, சுற்றிக்கொண்டு ஓடிப்போய்ப் பிடித்தான். என் மகன் தடுமாறிப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். மைதானமே சிரித்தது.

என் பக்கத்தில் நின்ற ஒருவர், "யாருடா அந்த வாழமரம்? நட்டு வச்ச மாதிரி நிக்கிறான்!" என்று சொல்லி, என் தோளில் தட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். அத்தனை சனிக்கிழமைகளில் அங்கே ஒருவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. நானும் சிரித்தேன். ஒரு நொடிதான். ஏன் சிரித்தேன் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். நெடுநாள் தனியாக நின்றவனுக்குக் கூட்டத்தில் ஓர் இடம் கிடைத்த மயக்கம் என்றுதான் சொல்ல முடிகிறது. சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே மைதானத்தைப் பார்த்தேன். என் மகன் புல்லிலிருந்து எழுந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது தடவை அந்தப் பையன் பந்தோடு வந்தபோது என் மகன் கைகளைத் துடைத்துக்கொள்ளவில்லை. தலையைக் குனிந்தபடி ஓடினான், காலை நீட்டினான். சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த சவுக்குக் கட்டையை முழங்காலில் வைத்து ஒடிப்பதுபோல் ஒரு சத்தம். கூட்டம் முதலில் ஆர்ப்பரித்தது, ஏனென்றால் பந்து வெளியே போயிருந்தது. எலும்பு ஒடியும் சத்தம் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். குடையோடு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஓடினேன். அந்த மைதானத்துக்குள் நான் கால் வைத்தது அன்றைக்கு மட்டும்தான்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிருந்தன. பையன் அழவில்லை. "வாப்பாக்குச் சொல்லவேணாம், வாப்பாக்குச் சொல்லவேணாம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். ஒரு பக்கம் என் குடையையும் மறுபக்கம் மூலைக்கொடியின் மூங்கிலையும் வைத்து, கட்டுவதற்குத் துணி கேட்டேன். சுற்றி நின்ற பையன்கள் தங்கள் நீளக் காலுறைகளைக் கழற்றித் தந்தார்கள். யார் யார் தந்தார்கள் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. விளையாட்டு மாஸ்டர் ஒரு வேனைப் பிடித்தார். பையனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கலேவெலயிலிருந்து அவனுடைய வாப்பா வந்து சேரும்வரை அங்கேயே இருந்தேன். மீதி ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் வென்றது என்று மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுதிக்குப் போனேன். முற்றத்தில் என் மகன் எனக்காக நின்றிருந்தான். "கப் எங்களுக்குத்தான்பா" என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது, உதடு காய்ந்திருந்தது. ஒரு தகப்பன் அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்காரவைத்து, தோளில் கைவைத்து, சும்மா இருந்திருக்க வேண்டும். நானோ இரவு முழுவதும் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்ததை அவன் முன்னால் போட்டேன்.

"நேத்து நீ பந்தைப் பாத்தியா, காலைப் பாத்தியா?"

அவன் என்னைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான். "ரெஃபரி தப்புன்னு ஊதலையேப்பா" என்றான் கடைசியில். "ரெஃபரியக் கேக்கல, உன்னைத்தான் கேக்குறேன்" என்றேன். அவன் உள்ளே போய்விட்டான். மணி அடிக்கும்வரை நான் அந்த முற்றத்தில் நின்றேன். அவன் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு நான் சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினேன். காலில் மாவுக்கட்டோடு கிடந்த அந்தப் பையனுக்குத் தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டுபோவேன். அவனுடைய வாப்பா கத்தரியும் மிளகாயும் பயிரிடும் விவசாயி. என்னைக் கண்டதும் எழுந்து தன் நாற்காலியைத் தருவார். "இரிங்க ஐயா. நீங்க இல்லாட்டி என்ட புள்ளைட கால வெட்டித்தான் இருப்பாங்கன்னு டாக்டர் சொன்னாரு" என்பார். நான் யாருடைய தகப்பன் என்று அவருக்குச் சொல்ல இரண்டு வாரம் எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவது வாரம் சொன்னேன். அவர் மகனைப் பார்த்தார். கட்டிலில் கிடந்த பையன் என்னைப் பார்த்துச் சொன்னான்: "அவர்ட பிழை இல்ல ஐயா. கடைசி நேரத்துல நான்தான் பந்த உள்ளுக்கு இழுத்தன். அவர் பந்துக்குத்தான் வந்தாரு." அவன் வாப்பா, "அல்லாட நாட்டம்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

நான் அங்கிருந்து நேரே விடுதிக்கு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். மகனைக் கூப்பிட்டு, முற்றத்தில் மற்றப் பையன்கள் பார்க்க, "அன்னைக்கு உன்ன அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது. அந்தப் பையனே சொல்லிட்டான். நான் தப்பா நெனச்சுட்டேன்யா, மன்னிச்சுக்க" என்றேன். எங்கள் காலத்துத் தகப்பன்மார் பிள்ளைகளிடம் அப்படிக் கேட்பதில்லை. அவன் கண்ணில் நீர் கோத்தது. என்னைக் கட்டிக்கொள்வான் என்று எதிர்பார்த்தேன். "சரிங்கப்பா" என்றான். அவ்வளவுதான்.

அடுத்த பருவம் அவனைத்தான் தலைவனாகப் போடுவதாக இருந்தார்கள். அவனோ டீமிலிருந்தே விலகிக்கொண்டான். பூட்ஸை யாருக்கோ கொடுத்துவிட்டான் என்று மாஸ்டர் சொன்னார். "நல்ல பிளேயருங்க. ஏன்னே சொல்ல மாட்டேங்கிறான். நீங்களாச்சும் கேட்டுப் பாருங்க" என்றார். நான் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தகப்பனே நம்பாத பிள்ளைக்கு எதற்கு விளையாட்டு? அதன் பிறகு அவன் என்னிடம் கோபப்பட்டதே இல்லை. ஒரு குறையும் சொல்ல முடியாத பிள்ளையாக இருந்தான். கடிதங்களில் 'மதிப்பிற்குரிய அப்பா' என்று எழுதினான். லீவுக்கு வந்தால் எனக்கு முன்பாக உட்கார மாட்டான். தேத்தண்ணீரை இரண்டு கையாலும் நீட்டுவான். அந்த மரியாதை ஒவ்வொன்றும் என் நெஞ்சில் பாரமாக ஏறியது. படித்து முடித்து வேறொரு தோட்டத்தில் ஆசிரியரானான், கல்யாணம் செய்தான், பிள்ளை பெற்றான். மாதம் ஒருமுறை தவறாமல் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பந்தடித்தால் அவன் அந்தப் பக்கமே போவதில்லை என்று மருமகள் ஒருமுறை சொன்னாள். அதையும் என் கணக்கில் எழுதிக்கொண்டேன். இருபது வருடத்துக்கு மேல், ஒரு கேள்வியால் மகனை இழந்தவன் என்ற நினைப்போடுதான் அந்தக் குவார்ட்டர்ஸில் நான் சமைத்தேன், சாப்பிட்டேன், ஓய்வு பெற்றேன்.

எழுபதுகளில், இரு அரசுகளும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிற தோட்டத்து மக்களின் கூட்டம் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மருமகள் வீட்டார் இந்தியக் கடவுச்சீட்டு எடுத்திருந்தார்கள். அவனும் அவர்களோடு போக எழுதிக் கொடுத்துவிட்டான். எனக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. மனைவியைப் புதைத்த மண்ணை விட்டுப் போக எனக்கு மனமும் இல்லை. புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன், ஒருநாள் பிற்பகலில் அவன் தனியாக வந்தான். ஓய்வுக்குப் பிறகு டவுனில் நான் குடியிருந்த சின்ன வீட்டின் பின்பக்கத்தில் கறுவாச் செடிகளுக்கு நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாளியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தான்.

"அப்பா, நீங்க அன்னைக்குக் கேட்டீங்களே. பந்தைப் பாத்தியா, காலைப் பாத்தியான்னு."

"அத எதுக்குய்யா இப்ப? நான்தான் தப்புன்னு சொல்லிட்டேனே."

"காலைத்தான் பாத்தேன்."

நான் அங்கிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவனும், அத்தனை வருடங்களில் முதல் தடவையாக, கேட்காமலே என் பக்கத்தில் உட்கார்ந்தான். "ரெண்டு தடவ என்னை ஏமாத்திட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க. கண்ணு மண்ணு தெரியல. ஒடிக்கணும்னு நெனைக்கல, ஆனா அடிக்கணும்னுதான் போனேன். மறுநாள் நீங்க கேட்டப்ப உள்ளுக்குப் போயிட்டேன், திரும்பி வந்து உண்மையச் சொல்லணும்னுதான் நின்னேன், தைரியம் வரல. அடுத்த தடவ நீங்க வந்தப்ப சொல்லிரலாம்னு இருந்தேன். நீங்க வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டீங்க. அதுக்கப்புறம் எப்பிடிப்பா சொல்றது?"

"அந்தப் பையன்கிட்டயாவது சொல்லணும்யா" என்றேன்.

"காலையில அங்க போயிட்டுத்தான் வர்றேன். கலேவெலயில மரக்கறிக் கடை வச்சிருக்கார். கொஞ்சம் சாச்சுத்தான் நடக்குறார். சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"தராசுல இருந்த வெங்காயத்த நிறுத்துக் குடுத்துட்டு வந்தாரு. அன்னைக்கே தெரியும்னும் சொல்லல, தெரியாதுன்னும் சொல்லல. 'டீ குடிச்சிட்டுப் போங்க மாஸ்டர்'னு சொன்னாரு. குடிச்சிட்டு வந்தேன்."

"எங்கிட்ட எதுக்குய்யா சொன்னே? தெரியாமலே போயிருப்பேனே."

அவன் எழுந்து வாளியை எடுத்தான். "நீங்க இங்க தனியா இருக்கப்போறீங்க. இதையும் வச்சுக்கிட்டு இருக்க வேணாம்னுதான்" என்றான். மீதிச் செடிகளுக்கு அவனே தண்ணீர் ஊற்றினான்.

அன்றைக்கு என் பாரம் இறங்கியது என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் நடந்தது அப்படியல்ல. நான் அன்று கண்டது சரிதான் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நிறைவும் வரவில்லை. அந்தக் காலை ஒடித்ததில் என் சிரிப்புக்கும் பங்கு இருந்தது என்பதைத்தான் தெரிந்துகொண்டேன். இருபது வருடம் நாங்கள் இருவரும் ஒருவர் முன் ஒருவர் குற்றவாளியாக நின்றிருக்கிறோம். ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கக் கூடியது. அது தீர்ந்த அன்று எங்களிடம் மிச்சம் இருந்தது ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் அவன் தினமும் வந்தான். பேசினோம் என்று சொல்ல முடியாது, நாங்கள் இருவரும் பேசத் தெரியாதவர்கள். ஆனால் என் சமையலில் உப்பு அதிகம் என்று ஒருநாள் முகத்தைச் சுளித்தான். அவன் அம்மா போன பிறகு என் சாப்பாட்டில் அவன் கண்ட முதல் குறை. எனக்கு அது போதுமாக இருந்தது.

மாத்தளை ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது வீடு எப்படி இருந்தது என்று விவரிக்கத் தேவையில்லை. இப்போது நான்கு வருடமாகிறது. கடல் தாண்டி, மதுரைக்குத் தெற்கே ஏதோ ஒரு சின்ன ஊரில் ஆசிரியராக இருக்கிறான். போன மாதம் வந்த கடிதம் நீளமானது. அங்கே அவர்களை அகதியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்களாம், வெயில் தாங்கவில்லையாம், தண்ணீர் உப்பாம். கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தான்: 'சின்னவன் பள்ளிக்கூட டீமில் சேர்ந்திருக்கிறான். வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன், பிறகு விட்டுவிட்டேன். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போய் ஓரமாக நின்றேன். பக்கத்தில் யாரையும் தெரியாது. எல்லாரும் அவர்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மலையிலிருந்து பஸ் ஏறி வந்து இப்படித்தானே நின்றிருப்பீர்கள் என்று நினைத்தேன். மைதானத்துக்கு மேற்குப் பக்கம் ஒரு புளியமரம் இருக்கிறது அப்பா, நல்ல நிழல். நீங்கள் வந்தால் அங்கே இரண்டு பேரும் நிற்கலாம்.'

கடவுச்சீட்டுக்கான விண்ணப்பத்தாளை வாங்கி வந்து மேசையில் வைத்திருக்கிறேன். பெயர், பிறந்த இடம், தொழில் எல்லாம் நிரப்பியாயிற்று. பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில், பேரன் பந்து விளையாடுவதைப் பார்க்க என்று எழுதினால் சிரிப்பார்களோ என்று யோசித்தேன். சிரித்தால் சிரிக்கட்டும் என்று அப்படியே எழுதிவிட்டேன்.